ஓய்வூதிய வயதுக்குப் பிறகும் வேலை: பிரித்தானியாவில் என்.ஐ. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்த தலைமுறை இப்போது ஓய்வூதிய வயதை எட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களில் பலர் இன்னும் வேலைக்குப் போகிறார்கள். பராமரிப்பு இல்லம், பெற்றோல் நிலையம், சூப்பர் மார்க்கெட் கல்லா, இரவு நேரத் துப்புரவு வேலை என்று பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டையும் அரசாங்கக் கடிதங்களையும் வாசித்துச் சொல்லும்போது ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தேசியக் காப்புறுதியை (சம்பளத்தில் வெட்டப்படும், அரச ஓய்வூதியத்துக்கு ஆண்டுக் கணக்கில் சேரும் பங்களிப்பு) எல்லோரும் சொல்வதுபோல என்.ஐ. என்றே எழுதுகிறேன். வேறு ஆண்டைக் குறிப்பிடாத இடங்களில் தொகைகள் 2025–26 வரியாண்டுக்கானவை. வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும். என்.ஐ., வருமான வரி, அரச ஓய்வூதியம் மூன்றும் தனித்தனிச் சங்கதிகள். குழப்பத்தில் பெரும்பகுதி இவற்றை ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

1. "66 முடிந்துவிட்டது, இன்னும் வேலைக்குப் போகிறேன். இனியும் என்.ஐ. கட்டவேண்டுமா?"

வேண்டாம். அரச ஓய்வூதிய வயதை (சிலருக்கு அது 66ஐத் தாண்டும், 2ஆம் கேள்வியில் பாருங்கள்) அடைந்த நாளிலிருந்து உங்கள் சம்பளத்தில் என்.ஐ. வெட்டக்கூடாது. எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. இது யாரிடமும் கேட்டு வாங்கும் சலுகை இல்லை, சட்டம் தந்திருக்கும் விலக்கு.

அதற்கு முன்பு, ஆண்டுக்கு 12,570 பவுண்டுக்கு மேல் 50,270 வரையான சம்பளத்தில் 8 சதவீதமும், அதற்கு மேற்பட்டதில் 2 சதவீதமும் போகும். மாதம் 2,000 பவுண்ட் எடுப்பவரைப் பாருங்கள். மாத வரம்பான 1,048ஐக் கழித்தால் மீதி 952. அதில் 8 சதவீதம் 76.16 பவுண்ட். ஆண்டுக்கு 900 பவுண்டுக்கு மேல் வருகிறது. குறைந்த சம்பளத்தில் நிற்பவருக்கு இது சின்னக் காசில்லை.

இது சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கான விதி. சொந்தத் தொழில் என்றால் நிற்கும் நாள் வேறு. அதை 11ஆம் கேள்வியில் பாருங்கள்.

2. "ஒருவர் 66 என்கிறார், இன்னொருவர் 67 என்கிறார். என் வயது எது?"

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். 1954 ஒக்டோபர் 6 முதல் 1960 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கு 66. ஆண், பெண் வித்தியாசம் இப்போது இல்லை. "பெண்களுக்கு 60" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தக் காலம் 2010ஆம் ஆண்டோடு போய்விட்டது.

1960 ஏப்ரல் 6 முதல் பிறந்தவர்களுக்கு மாதம் மாதமாகக் கூடுகிறது. ஏப்ரல் 6 முதல் மே 5 வரை பிறந்தவருக்கு 66 வயதும் ஒரு மாதமும், அடுத்த மாதக்காரருக்கு 66 வயதும் இரண்டு மாதமும் என்று போகும். 1960 ஜூலை 10இல் பிறந்தவருக்கு 66 வயதும் நான்கு மாதமும். அதாவது 2026 நவம்பர் 10. 1961 மார்ச் 6 முதல் 1977 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கு 67. ஆகவே 1960 மார்ச்சில் பிறந்த நண்பருக்கு 66இல் என்.ஐ. நின்றது என்பதற்காக, அதே ஆண்டு ஓகஸ்டில் பிறந்த உங்களுக்கும் 66இல் நிற்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. அரசாங்கத்தின் கவ்.யுகே தளத்தில் பிறந்த திகதியைப் போட்டால் உங்களுடைய நாளைச் சரியாகச் சொல்லும்.

3. "என் கடவுச்சீட்டில் இருக்கும் பிறந்த திகதி உண்மையான திகதி இல்லை. எதை எடுப்பார்கள்?"

நம்மவர்களிடம் இந்தக் கேள்வி நிறைய வரும். அவசரத்தில் புறப்பட்டு வந்தவர்களின் காகிதங்களில் திகதி மாறியிருப்பது புதிதில்லை. ஓய்வூதியத்தைக் கவனிக்கும் டி.டபிள்யூ.பி. திணைக்களம், தன் பதிவில் உள்ள திகதியை வைத்துத்தான் நடக்கும். அது பிழை என்றால் பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆதாரம் கொடுத்து மாற்றக் கேட்கலாம். முடிவு அவர்களுடையது.

கேட்பதற்கு முன் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். குடிவரவுக் காகிதங்களில் ஒரு திகதி, ஓய்வூதியத்துக்கு இன்னொரு திகதி என்றால் வேறு கேள்விகள் கிளம்பும். வேலைத்தலத்தில் ஒரு திகதியும் டி.டபிள்யூ.பி.யிடம் இன்னொரு திகதியும் கொடுத்து வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

4. "அந்த நாள் வந்தால் தானாக நின்றுவிடும்தானே?"

நிற்கலாம், நிற்காமலும் போகலாம். பல கம்பனிகளின் சம்பள மென்பொருள் பிறந்த திகதியைப் பார்த்துத் தானே மாற்றிவிடும். சின்ன இடங்களிலும், பிறந்த திகதி பிழையாகப் பதிவான இடங்களிலும் அது தவறிப்போகும். நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

சம்பளச் சீட்டில் என்.ஐ.க்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது 'ஏ'. ஓய்வூதிய வயதை எட்டியதும் அது 'சி' ஆக வேண்டும். 'சி' என்றால் ஊழியரிடம் வெட்டு இல்லை என்று அர்த்தம். அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே சம்பளம் போடும் பிரிவான பேரோலுக்குச் சொல்லி, கடவுச்சீட்டையோ பிறப்புச் சான்றிதழையோ காட்டுங்கள். வேலைத்தலத்தில் வயதைக் காட்ட விருப்பமில்லை என்றால், வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு எழுதி, நீங்கள் ஓய்வூதிய வயதை எட்டிவிட்டதாக உறுதி செய்யும் கடிதம் வாங்கிக் கொடுக்கலாம். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பி வையுங்கள். பிறகு பேச்சு வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

5. "என் நாள் மாதத்தின் நடுவில் வருகிறது. அந்த மாதம் பாதிக்குப் பாதி வெட்டுவார்களா?"

பாதிக் கணக்கு கிடையாது. சம்பளம் எந்த நாளில் தரப்படுகிறது என்பதுதான் முக்கியம். நீங்கள் ஜூன் 20இல் ஓய்வூதிய வயதை எட்டுகிறீர்கள், சம்பள நாள் ஜூன் 30 என்றால், அந்த மாதச் சம்பளம் முழுவதற்கும் என்.ஐ. இல்லை. 20ஆம் திகதிக்கு முன் செய்த வேலையும் அதற்குள் அடக்கம்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஜூன் 15இல் தரவேண்டிய சம்பளத்தைக் கம்பனி தாமதித்து ஜூன் 25இல் தந்தால் அதற்கு என்.ஐ. உண்டு. அந்தக் காசு உங்கள் நாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது என்பதே காரணம்.

6. "நான் இன்னும் பென்ஷன் எடுக்கவில்லை. எடுத்தால்தான் என்.ஐ. நிற்குமா?"

இல்லை. பென்ஷனுக்கு விண்ணப்பித்தீர்களா, தள்ளிப் போட்டீர்களா என்பதற்கும் என்.ஐ.க்கும் தொடர்பில்லை. வயதை எட்டினால் போதும். "பென்ஷன் கடிதம் வரட்டும், பிறகு மாற்றுகிறோம்" என்று வேலைத்தலத்தில் சொன்னால் அது பிழை.

இன்னொன்று, அரச ஓய்வூதியம் தானாக வங்கிக்கு வராது. விண்ணப்பித்தால்தான் வரும். நான்கு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

7. "இரண்டு இடத்தில் வேலை செய்கிறேன். எந்த இடத்தில் நிற்கும்?"

இரண்டிலும். ஆனால் ஒரு கம்பனிக்குச் சொன்னது மற்றதற்குத் தெரியாது. 4ஆம் கேள்வியில் சொன்னதை ஒவ்வோர் இடத்திலும் தனியாகச் செய்யவேண்டும்.

8. "என்.ஐ. நின்றுவிட்டது சரி, ஆனால் கைக்கு வரும் சம்பளம் முன்பைவிடக் குறைந்திருக்கிறதே! ஏமாற்றுகிறார்களா?"

அதிகம் பேரைக் கலங்க வைப்பது இதுதான். பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. குறைந்ததற்குக் காரணம் வருமான வரி. வருமான வரிக்கு வயது விலக்கு இல்லை, அரச ஓய்வூதியமும் வரிக்கு உட்பட்ட வருமானம்தான். ஆனால் ஓய்வூதியத்தை வரி பிடிக்காமல் முழுதாகத் தருவார்கள். அதற்குரிய வரியை எச்.எம்.ஆர்.சி. உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்காக வரிக் குறியீட்டை மாற்றும்.

கணக்காகப் பார்ப்போம். மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000 பவுண்ட் சம்பளம். முன்பு வரியில்லா 12,570 பவுண்டும் சம்பளத்துக்கே கிடைத்தது. மாதம் வரி 190.50, என்.ஐ. 76.16, கைக்கு 1,733.34 பவுண்ட். இப்போது முழுப் புதிய அரச ஓய்வூதியம் (2016 ஏப்ரல் 6 முதல் வயதை எட்டியவர்களுக்கானது) வாரம் 230.25, ஆண்டுக்கு 11,973 பவுண்ட் வருகிறது. வரியில்லாத் தொகையில் அது 11,973ஐ விழுங்கிவிடும். சம்பளத்துக்கு மிஞ்சுவது 597தான். மாத வரி 390.05 ஆகிறது. என்.ஐ. இல்லை. கைக்கு 1,609.95 பவுண்ட். சம்பளச் சீட்டில் 123 பவுண்ட் குறைந்து தெரிகிறது. ஆனால் ஓய்வூதியம் மாதம் சராசரியாக 997 பவுண்டுக்கு மேல் தனியாக வங்கிக்கு வருகிறது. இரண்டையும் கூட்டினால் 2,607 பவுண்ட். அதாவது முன்பைவிட 874 பவுண்ட் கூட.

ஓய்வூதியம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும், சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வரும். இரண்டும் ஒரே நாளில் விழாததால் கணக்குப் பார்ப்பது கடினமாகத் தெரியும். வரிக் குறியீடு 1257எல் என்பதிலிருந்து இரண்டு இலக்க எண்ணாக இறங்கினால் பதறவேண்டாம். 2026 ஏப்ரலில் முழு ஓய்வூதியம் வாரம் 241.30 ஆகிறது, வரியில்லாத் தொகை அதே 12,570இல் நிற்கிறது. சம்பளத்துக்கு மிஞ்சுவது 22 பவுண்ட் அளவுதான். ஸ்கொட்லாந்தில் வருமான வரி வீதங்கள் வேறு என்பதால் அங்கே இந்தத் தொகைகள் கொஞ்சம் மாறும். என்.ஐ. எல்லா இடத்திலும் ஒன்றே.

9. "வேலை செய்தால் பென்ஷனைக் குறைப்பார்களாமே?"

குறைக்க மாட்டார்கள். முன்பு அப்படியொரு விதி இருந்தது உண்மை. 1989 ஒக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. இதை நம்பி வேலையை விட்டவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. எவ்வளவு சம்பாதித்தாலும் அரச ஓய்வூதியம் முழுதாக வரும். வரி மட்டும் 8ஆம் கேள்வியில் சொன்னபடி போகும்.

ஆனால் பென்ஷன் கிரெடிட் (குறைந்த வருமானமுள்ள ஓய்வூதிய வயதினருக்கான உதவி), வீட்டு வாடகை உதவி, கவுன்சில் வரிக் குறைப்பு ஆகியவை வருமானத்தைப் பார்த்துத் தருபவை. சம்பளம் கூடினால் இவை குறையும். வேலை தொடங்கினாலோ மணி நேரம் கூடினாலோ உடனே அறிவியுங்கள். அறிவிக்காமல் வாங்கிய காசைப் பின்னர் திருப்பிக் கேட்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குளிர்கால எரிபொருள் உதவிக்கும் ஒரு கோடு உண்டு. ஒருவருடைய ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டினால் அந்தக் காசை வரி வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

10. "என்னை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு என்.ஐ. மிச்சம்தானே?"

மிச்சமில்லை. நின்றது உங்களுடைய பங்கு மட்டும். முதலாளி தன் பங்கைத் தொடர்ந்து கட்டவேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து அது ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்தில் 15 சதவீதம். மாதம் 2,000 எடுக்கும் உங்களுக்காக அவர் 237 பவுண்ட் அளவு கட்டுகிறார். சின்னக் கம்பனிகள் பல, ஆண்டுக்கு 10,500 பவுண்ட் வரையான வேலைவாய்ப்புக் கழிவைப் பயன்படுத்தி இதைக் குறைத்துக்கொள்கின்றன.

எழுத்து 'சி' ஆனதும் "என்.ஐ. எல்லாமே நின்றுவிட்டது" என்று நினைத்துத் தன் பங்கையும் நிறுத்திவிடும் கடைக்காரர்கள் உண்டு. எச்.எம்.ஆர்.சி. பிறகு அவர்களிடம் வட்டியோடு கேட்கும். ஆள் வைத்து வேலை செய்பவராக இருந்தால் இதைக் கவனியுங்கள்.

11. "நான் மினிகாப் ஓடுகிறேன், செல்ஃப் எம்ப்ளாய்ட். எனக்கும் பிறந்தநாளோடு நிற்குமா?"

உங்களுக்குப் பிறந்தநாள் கணக்கில்லை, வரியாண்டுக் கணக்கு. இலாபத்தில் கட்டும் நான்காம் வகுப்பு என்.ஐ. (12,570க்கு மேல் 50,270 வரை 6 சதவீதம், அதற்கு மேல் 2 சதவீதம்), ஓய்வூதிய வயதை எட்டும் வரியாண்டு முழுவதற்கும் உண்டு. அடுத்த ஏப்ரல் 6இலிருந்துதான் நிற்கும். 2025 ஓகஸ்ட் 1இல் வயதை எட்டியவர் 2025–26 முழு ஆண்டு இலாபத்துக்கும் கட்டவேண்டும். 2026–27இலிருந்து இல்லை. அந்த 2025–26 கணக்குக்குப் பணம் கட்டக் கடைசி நாள் 2027 ஜனவரி 31 என்பதால், "வயது தாண்டியும் கேட்கிறார்களே" என்று தோன்றும். அது பழைய ஆண்டின் பாக்கி.

இந்த விதியில் நியாயம் கொஞ்சம் கோணல் என்பது என் எண்ணம். ஏப்ரல் 5இல் வயதை எட்டியவர் மறுநாளே தப்பிவிடுகிறார். ஏப்ரல் 7இல் எட்டியவர் ஏறக்குறைய ஓராண்டு கூடுதலாகக் கட்டுகிறார். ஆனால் விதி அதுதான். வரிப் படிவத்தில் நான்காம் வகுப்பிலிருந்து விலக்கு என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. விலக்குக் கிடைக்கும் ஆண்டில் அதைக் குறித்தாரா என்று கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பகலில் சம்பள வேலை, இரவில் மினிகாப் என்றால், சம்பளத்தில் ஓய்வூதிய வயதை எட்டிய நாளோடு நிற்கும், மினிகாப் இலாபத்தில் அடுத்த ஏப்ரலில் நிற்கும்.

12. "கடை என் சொந்த லிமிடெட் கம்பனி பெயரில். நான் டிரெக்டர். எனக்கு எந்த விதி?"

கம்பனியிலிருந்து எடுக்கும் சம்பளத்துக்கு நீங்களும் ஊழியர்தான். 1ஆம் கேள்வியில் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். முதலாளி பங்கு மட்டும் கம்பனிக்கு உண்டு, அதுவும் உங்கள் பையிலிருந்தே போகும். பங்குலாபத்துக்கு எந்த வயதிலும் என்.ஐ. கிடையாது. வீட்டு வாடகை வருமானம், தனியார் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கும் சாதாரணமாக இல்லை.

13. "28 ஆண்டு என்.ஐ.தான் இருக்கிறது. 70 வயது வரை வேலை செய்தால் 32 ஆகிவிடுமா?"

ஆகாது. ஓய்வூதிய வயதுக்குப் பிறகு செய்யும் வேலை ஒரு நாளைக்கூடக் கூட்டாது. கட்டுவதில்லை, ஆகவே சேர்வதும் இல்லை. வயதை எட்டும் அந்த வரியாண்டும் கணக்கில் வராது. அதற்கு முந்தைய ஏப்ரல் 5 வரைதான் எண்ணுவார்கள்.

ஆனால் பழைய இடைவெளிகளை நிரப்ப வழி உண்டு. வழக்கமாகக் கடந்த ஆறு வரியாண்டுகளுக்கு விருப்பப் பங்களிப்பு, அதாவது மூன்றாம் வகுப்பு, கட்டலாம். ஓய்வூதிய வயதைத் தாண்டிய பிறகும் கட்டலாம். 2006 வரை பின்னோக்கிப் போக அனுமதித்த சிறப்பு வாய்ப்பு 2025 ஏப்ரல் 5உடன் முடிந்துவிட்டது. ஓராண்டுக்கு 923 பவுண்ட் (வாரம் 17.75) ஆகும். முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டு வேண்டும் என்பதால் ஓர் ஆண்டு வாரத்துக்கு 6.58 பவுண்ட், ஆண்டுக்கு 340 பவுண்டுக்கு மேல் கூட்டித் தரும். மூன்று ஆண்டுக்குள் போட்ட காசு திரும்பிவிடும். இந்த வயதில் இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை.

இருந்தாலும் கேட்காமல் கட்டாதீர்கள். 2016க்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு 35க்குக் குறைவாக இருந்தும் முழுத்தொகை வந்திருக்கும், சிலருக்கு 35க்கு மேல் இருந்தும் குறைந்திருக்கும். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள் பென்ஷன் சர்வீஸிடமும், தாண்டாதவர்கள் ஃபியூச்சர் பென்ஷன் சென்டரிடமும் "இந்த ஆண்டைக் கட்டினால் எவ்வளவு கூடும்?" என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

14. "அம்மா 60 வயதில்தான் எங்களிடம் வந்தார். ஆறு ஆண்டு வேலை செய்தார். அவருக்குப் பென்ஷன் உண்டா?"

குறைந்தது 10 ஆண்டு இல்லாமல் புதிய அரச ஓய்வூதியம் ஒரு பென்ஸ்கூட வராது. 66க்குப் பிறகு வேலை செய்து அந்தப் பத்தை எட்ட முடியாது என்பது 13ஆம் கேள்வியிலிருந்து தெரிந்திருக்கும். இடைவெளிகளை நிரப்பினால் பத்து வருமா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்கள் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். அரச உதவிக்குத் தடை போட்ட விசாவில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஓய்வூதிய வயதை இன்னும் எட்டாத அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாருக்கு ஒரு தகவல். நீங்கள் 12 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, பிள்ளையின் தாயோ தகப்பனோ வேலைக்குப் போகிறார் என்றால், அவருடைய பெயரில் சிறுவர் உதவித்தொகையோடு வரும் என்.ஐ. கிரெடிட்டை (கட்டாமலே கட்டியதாகச் சேரும் கணக்கை) உங்கள் பெயருக்கு மாற்றிக் கேட்கலாம். 2011இலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக்கு வீடு பேரப்பிள்ளை பார்க்கும் நம்மிடையே இதைக் கேட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு.

15. "வேலைதான் இருக்கிறதே, பென்ஷனைத் தள்ளிப் போட்டால் கூடுமா?"

கூடும். 2016 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பிறகு வயதை எட்டியவர்களுக்கு, தள்ளிப்போடும் ஒவ்வொரு 9 வாரத்துக்கும் 1 சதவீதம், ஓராண்டுக்கு ஏறக்குறைய 5.8 சதவீதம். முழுத்தொகைக்காரர் ஓராண்டு பொறுத்தால் வாரத்துக்கு 13 பவுண்ட் அளவு கூடும். அதற்காக விட்டுக்கொடுப்பது 11,973 பவுண்ட். அந்தத் தொகையை மீட்கப் பதினேழு ஆண்டு பிடிக்கும். பழைய விதியில் இருந்த 10.4 சதவீதமும் மொத்தமாக வாங்கும் வசதியும் இப்போது இல்லை.

உங்கள் சம்பளம் 40 சதவீத வரியில் நின்று, ஓரிரு ஆண்டில் வேலையை விடப்போகிறீர்கள் என்றால் தள்ளிப்போடுவது பொருந்தலாம். உடம்பு சரியில்லாதவர்களும் குறைந்த சம்பளக்காரர்களும் எடுத்துக்கொள்வதே நல்லது என்று நினைக்கிறேன். தள்ளிப்போட்ட பின் மனம் மாறினால், 12 மாதம் வரையான நிலுவையைக் கேட்டு வாங்கலாம். அப்படி வாங்கிய காலத்துக்கு இந்தக் கூடுதல் சதவீதம் சேராது.

16. "என்.ஐ. கட்டாவிட்டால் ஆஸ்பத்திரியில் காசு கேட்பார்களா?"

கேட்க மாட்டார்கள். அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் சிகிச்சை நீங்கள் இங்கே சட்டப்படி குடியிருப்பதைப் பொறுத்தது, என்.ஐ. கட்டுவதைப் பொறுத்ததல்ல. இங்கிலாந்தில் 60 வயதிலிருந்து மருந்துச் சீட்டும் இலவசம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் எல்லா வயதினருக்குமே இலவசம்.

17. "இந்த வயதில் வேலை போனால் என்ன கிடைக்கும்? வயதைக் காட்டி அனுப்பலாமா?"

வயது ஒன்றையே காரணம் காட்டி "போங்கள்" என்று சொல்லும் பழைய 65 வயது விதி 2011இல் ஒழிந்தது. வேலையின் தன்மையை வைத்து முதலாளி நியாயப்படுத்த வேண்டிய சில அரிய இடங்கள் மட்டும் உண்டு. ஆட்குறைப்பு என்றால், இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சட்டப்படியான நட்ட ஈடு உண்டு, அதற்கு வயது உச்சவரம்பு இல்லை. நோய்க்கால ஊதியத்துக்கும் இல்லை. ஆனால் வேலை தேடுவோருக்கான உதவித்தொகை ஓய்வூதிய வயதுக்குப் பிறகு கிடையாது.

18. "கம்பனி பென்ஷனில் இன்னும் சேர்ந்திருக்கலாமா?"

சேரலாம். தானாகச் சேர்ப்பது ஓய்வூதிய வயது வரைதான். அதன் பின் 74 வரை நீங்களாகக் கேட்டுச் சேரலாம். ஆண்டுக்கு 6,240 பவுண்டுக்கு மேல் சம்பளம் இருந்தால் முதலாளியும் தன் பங்கைப் போடவேண்டும். பங்களிப்புக்கு வரிச்சலுகை 75 வயது வரை. சம்பளத்தைக் குறைத்து ஓய்வூதியத்தில் போடும் 'சாலரி சாக்ரிஃபைஸ்' முறையில் இருந்தால், இனி உங்களுக்கு என்.ஐ. மிச்சம் கிடையாது, வரி மிச்சம் மட்டும்தான். முதலாளிக்கு மட்டும் அவருடைய என்.ஐ. மிச்சமாகும்.

19. "கொஞ்சக் காலத்தில் ஊருக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். பென்ஷன் வருமா?"

வரும். யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் வரும். ஆனால் இலங்கையிலும் இந்தியாவிலும் வாழ்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஏப்ரலில் கூட்டும் உயர்வு கிடையாது. போகும்போது இருந்த தொகையிலேயே நின்றுவிடும். பதினைந்து இருபது ஆண்டு இருக்கப்போகிறவருக்கு இது பெரிய இழப்பு, முடிவெடுக்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

20. "வயதானவர்களிடமும் என்.ஐ. எடுக்கச் சட்டம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேனே?"

வந்தது, நடைமுறைக்கு வருமுன் போய்விட்டது. 2021இல் பொரிஸ் ஜோன்சன் அரசு சுகாதாரத்துக்கும் சமூகப் பராமரிப்புக்குமாக 1.25 சதவீத வரி ஒன்றைச் சட்டமாக்கியது. 2023 ஏப்ரலிலிருந்து, ஓய்வூதிய வயதைத் தாண்டி வேலை செய்பவர்களிடமும் அதை எடுப்பதாக இருந்தது. 2022 செப்டெம்பரில் நிதியமைச்சராக இருந்த குவாசி குவார்ட்டெங் அதைக் கைவிடுவதாக அறிவித்தார். இடையில் 2022 ஏப்ரல் முதல் நவம்பர் 5 வரை என்.ஐ. வீதம் கூடியிருந்தது. அதுவும் இந்த வயதினரைத் தொடவில்லை. இனி வரும் அரசுகள் மறுபடி முயலலாம், ஆனால் இன்றைய சட்டத்தில் உங்களிடம் எடுக்க இடமில்லை.

21. "வயது தாண்டி ஏழு மாதமாக வெட்டியிருக்கிறார்கள். இப்போதுதான் கண்டேன். காசு திரும்ப வருமா?"

வரும். முதலில் பேரோலிடம் கேளுங்கள். சம்பளச் சீட்டில் 'ஏ' என்று இருப்பதையும் உங்கள் ஓய்வூதிய வயதுத் திகதியையும் காட்டினால், அதே வரியாண்டுக்குள் என்றால் அடுத்த சம்பளத்தோடு திருத்தித் தந்துவிடுவார்கள். மாதம் 2,000 எடுப்பவருக்கு ஏழு மாதம் என்றால் 533 பவுண்ட். விட்டுவிடும் தொகை இல்லை.

வேலைத்தலம் மறுத்தாலோ, மூடிவிட்டாலோ, நீங்கள் அங்கிருந்து போய்விட்டாலோ, எச்.எம்.ஆர்.சி.யிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஒன்லைனிலும் முடியும், கடிதத்திலும் முடியும். என்.ஐ. எண், எந்த மாதங்கள், எவ்வளவு, அந்த மாதங்களின் சம்பளச் சீட்டு, ஆண்டு முடிவில் தரும் பி60, வேலை விட்டபோது தந்த பி45 ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு ஒன்லைனில் மட்டும் கிடைக்கும் இடமானால், வேலையை விடும் முன் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுங்கள். விட்ட பிறகு பல இடங்களில் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். இதற்காகக் காசு வாங்கும் முகவர்கள் தேவையில்லை, விண்ணப்பம் இலவசம்.